ஆதாரம் இணைக்கப்படவில்லை

நேற்று எங்கள் வீட்டு வருடாந்திரத் தணிக்கை நடந்து முடிந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

அப்பா 2017-ல் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் லோக்கல் ஃபண்ட் ஆடிட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று அரசாங்கம் சொல்கிறது. அப்பா இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கி, அடுத்த வருஷமே 60 ஆக்கினார்களே, அந்த ரெண்டு அறிவிப்புக்கும் எங்கள் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வராததுதான் குறை. ஒரு மூன்று வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் கூடுதலாக சர்வீஸ் கிடைத்திருக்குமாம். "ஜாதகத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எங்கப்பாதான் அவசரப்பட்டுட்டார்" என்று இன்றைக்கும் புலம்புவார். கிடைக்காமல் போன அந்த ரெண்டு வருஷ சர்வீஸைத்தான் எங்கள் மேல் கழித்துக்கொண்டிருக்கிறார். ரெண்டு வருஷம் எந்தக் கணக்கில் எட்டு வருஷமாக ஓடுகிறது என்று கேட்க திருச்சி கே.கே. நகரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

நடைமுறை இதுதான். ஜனவரி 1 அன்று எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து அந்த வருஷத்து இலக்குகளைச் சொல்ல வேண்டும். அப்பா நீளக் கணக்கு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் போட்டு எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொள்வார். டிசம்பர் 31 அன்று அதே நோட்டு, கூடவே சிவப்புப் பேனா. செய்யாதது "நிலுவை". செய்தேன் என்று நாம் சொல்வது "ஆதாரம் இணைக்கப்படவில்லை". இந்த நோட்டில் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

சர்வீஸில் இருந்தபோது ஒரு பேரூராட்சியில் மரக்கன்றுகளுக்கு லாரித் தண்ணீர் ஊற்றியதாக பில் வைத்திருந்தார்களாம். வவுச்சர், கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் கச்சிதம். அப்பா நேராகத் தாலுகா ஆபீஸுக்குப் போய் அந்த மாதத்து மழைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்த மாதம் நல்ல மழை. "மழையில நனைஞ்ச கன்னுக்கு எதுக்குய்யா மறுபடி தண்ணி?" இதையே அரசாங்கத் தமிழில் எழுதித் தொகையை நிறுத்தி வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்துக் கல்யாணம், காதுகுத்து எதுவும் இந்தக் கதை இல்லாமல் நடந்ததில்லை. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னபோது அந்த மழை வெறும் தூறல். போன மாதம் சீமந்தத்தில் சொன்னபோது அந்தப் பேரூராட்சியில் பரிசல் விட்டிருந்தார்கள்.

இந்த மனுஷனிடம் போய் நான் "தினமும் பத்தாயிரம் அடி நடந்தேன்" என்று சொல்ல வேண்டும்.

நேற்று வேளை வேறு சரியில்லை. முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி. அம்மா ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் மிதிபட்டுத் திரும்பி, பட்டினி கிடந்து, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, துவாதசி காலையில் அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் பண்ணிப் போட்டுவிட்டுக் கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள். அந்த நிலையில் இருக்கும் அம்மாவிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. அப்பா முதலில் அம்மா பக்கத்தைத்தான் திறந்தார்.

அம்மாவுக்கு எந்த வருஷமும் ஒரே இலக்குதான்: வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிப்பது. 2025-க்கு என்ன விசேஷம் என்றால் ஜனவரி 10 ஒன்று, டிசம்பர் 30 ஒன்று என ரெண்டு வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டது. அம்மா ரெண்டையும் விடவில்லை.

"சொன்னது ஒண்ணு, முடிச்சது ரெண்டு. எழுதிக்கோங்க."

அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "ஜனவரி போன நிதியாண்டு. டிசம்பர் இந்த நிதியாண்டு. ஆண்டுக்கு ஒண்ணுதான் ஆகுது. அதிகப்படின்னு எதுவும் ஏத்துக்க முடியாது."

"அப்ப ஆடிட்டையும் மார்ச் 31-லயே வச்சுக்கலாமே மாமா?" என்று என் மனைவி கேட்டாள். இந்த வீட்டில் இப்படிக் கேட்டுவிட்டு உயிரோடு இருக்க இவள் ஒருத்தியால்தான் முடியும்.

"மார்ச்ல எனக்கு வேலை இருக்கும்மா." மார்ச்சில் அவருக்கு இருக்கும் ஒரே வேலை, வீட்டு வரி ரசீதைத் தேடி எங்கள் எல்லோர் பீரோவையும் கலைப்பது.

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பொடியனுக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் ஆடிட் பண்ணியவருக்குத் தெரியவில்லை.

அடுத்து பொடியன். போன ஜனவரியில் அவன் சொன்ன இலக்கு, முன்பல் ரெண்டும் விழ வேண்டும் என்பது. உள்ளே ஓடிப் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து, நோட்டின் மேலேயே கொட்டினான். ரெண்டு பல். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பையனை வாயைத் திறக்கச் சொல்லி, இருப்பையும் சரிபார்த்தார். "ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதினார். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை அந்த நோட்டில் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டியபோது எனக்குக்கூட "ஒரிஜினல் எங்கே?" என்றுதான் கேட்டார்.

இவளுடைய இலக்கு கார் ஓட்டுவது. லைசென்ஸை எடுக்கப் போனவளை அப்பா கையமர்த்தினார். புதுசாகத் திறந்த பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவரைக் கூட்டிப் போய் இறக்கிவிட்டதே இவள்தானாம். "உசுரோட உக்காந்திருக்கேனே, நானே வவுச்சர்." மருமகள் என்றால் வவுச்சர் இப்படித் தானாக நடந்து வரும்.

பிறகு நான். பத்தாயிரம் அடி. வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன். அப்பா அதைக் கையில் மாட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு அசையாமல், சாம்பிராணி போடுவதுபோல் கையை மட்டும் ஆட்டினார். எண் ஏறியது. வாட்ச்சை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பத்தாயிரமே டாக்டர் எழுதிக் குடுத்ததில்ல மாமா" என்றாள் இவள். "1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ற மெஷினை விக்கிறதுக்காக அந்தப் பேர் வச்சுது. அப்படியே ஊரெல்லாம் பரவிடுச்சு." இது யாருக்கு ஆதரவான வாதம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அப்பா எழுதிவிட்டார்: "இலக்கு நிர்ணயத்துக்கான அரசாணை காட்டப்படவில்லை."

இதோடு விட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஆபீஸ் சுயமதிப்பீட்டுக்கும் நேற்றுதான் கடைசி நாள். லேப்டாப் மடியில் திறந்தே இருந்தது. "அது என்னடா, அங்கயும் இலக்கா?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். இலக்கு என்றால் குறிப்பாக, அளக்கிற மாதிரி, கெடு வைத்து இருக்க வேண்டும், ஸ்மார்ட் கோல் என்று பெயர், 1981-ல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் எழுதியது என்று விளக்கினேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "1981-ல தானே நானும் சர்வீஸ்ல சேந்தேன்!" டோரனும் அவரும் ஒரே பேட்ச் என்கிற உரிமையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"'தரவு மாற்றப் பணியைத் தலைமையேற்று நடத்தினேன்.' நியமன ஆணை?"

"அப்படியெல்லாம் ஆணை தர மாட்டாங்கப்பா."

"உனக்குக் கீழ எத்தனை பேர்?"

"ஒருத்தன்."

"அவன் என்ன எழுதியிருக்கான்?"

அவனும் தலைமையேற்று நடத்தியதாகத்தான் எழுதியிருப்பான். எங்கள் கம்பெனியில் எல்லோரும் தலைமையேற்றுத்தான் நடத்துகிறோம். யார் பின்னால் வருகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. "வாடிக்கையாளர் திருப்தியைக் கணிசமாக உயர்த்தினேன்" என்ற வரியில் கணிசம் என்றால் எத்தனை சதவீதம் என்றார். "பல்வேறு குழுக்களுடன் ஒருங்கிணைந்து" என்ற வரிக்கு அந்தக் குழுக்களின் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அவர் எழுந்தபோது ரெண்டு பக்கம் நாலு வரி ஆகியிருந்தது. முதல் வரி: "சக ஊழியர் ஒருவருடன் சேர்ந்து தரவு மாற்றப் பணி செய்தேன், பணி முடிந்தது." படித்துப் பார்த்தேன். ஒரு வருஷம் நான் என்னதான் செய்தேன் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் ஆச்சா? உங்க பக்கம் எங்கே?"

"ஆடிட் பண்றவனுக்கு ஏது பக்கம்?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் கம்பியில் குத்திய ஒரு கட்டு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். பால் கணக்கு எழுதத்தான் சேர்த்து வைக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"தை பொறக்கறதுக்குள்ள கொல்லைக் குழாயை மாத்திடறேன்னீங்க." ஒரு தாள். "சித்திரை: பிளம்பர் ஊருக்குப் போயிருக்கான்." இன்னொன்று. "ஆடி: ஆடில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி: அந்த மாடல் வாஷர் இப்ப வர்றதில்ல. ஐப்பசி: மழை விடட்டும்." ஒவ்வொரு தாளின் பின்னாலும் அப்பா சொன்னது சொன்னபடியே. "தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் அச்சுல இருக்கு. வேற என்ன ஆதாரம் வேணும்?"

அப்பா தாள்களை வாங்கிப் புரட்டினார். குற்றம் கண்டுபிடிக்கிற வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"அதை ஒழுகல்னு சொல்லக் கூடாது" என்றார் கடைசியில். "சொட்டு நீர்ப் பாசனம். அந்தக் கறிவேப்பிலை மரம் பின்ன எதுல வளந்துச்சுன்னு நினைக்கிறே?"

"ஐப்பசியில அப்படி மழை கொட்டிச்சே. மழையில நனைஞ்ச மரத்துக்கு எதுக்கு மறுபடி தண்ணி?"

இவள் சிரிப்பை அடக்க முடியாமல் பொடியனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அப்பா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். மேலே தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தில் கோபமும் இல்லை, அசடும் வழியவில்லை. தன்னிடம் வேலை கத்துக்கொண்ட ஜூனியர் முதன்முதலாக உருப்படியாக ஒரு தணிக்கைத் தடை எழுதிவிட்டால் வருமே, அந்தப் பெருமை. "ஏகாதசி ரெண்டுன்னே போட்டுடறேன்" என்றார். அம்மா "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அவர் போட்டுவிட்டார்.

ராத்திரி மேனேஜர் போன் பண்ணினார். "என்னங்க இது, நாலு வரியில அனுப்பியிருக்கீங்க? வேலை செஞ்சேன், முடிஞ்சுதுன்னா இதை நான் எப்படி மேல அனுப்புறது? பழைய மாதிரியே நல்லா பெருசா எழுதிப் போடுங்க." அதோடு, எப்படி எழுதினாலும் இந்த வருஷம் ஐந்துக்கு மூன்றுதான், அதற்கு மேல் டீமுக்கு ஒதுக்கீடு இல்லை என்ற தகவலையும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. போனை வைத்ததும் அப்பா கேட்டார்:

"இந்த ஆளு முன்னாடி எந்தப் பேரூராட்சியில இருந்தாரு?"