பாலாற்றங்கரையிலிருந்து சாலிப்புழாவுக்கு: ஒரு கயாக் பயணத்துக்குத் திட்டமிட்ட கதை

கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில், ஆடி மாத வெள்ளம் ஓடும் சாலிப்புழாவில் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் இறங்குவது என்று நாங்கள் நால்வர் முடிவு செய்தபோது, வேலூரில் பலரும் கேட்ட முதல் கேள்வி, பாலாற்றிலேயே வெள்ளம் வரும்போது அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும் என்பதுதான். அதற்கான விடை எங்கள் திட்டத்தின் அடிப்படையாகவே அமைந்ததால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலாறும் அதில் வந்து சேரும் கானாறுகளும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் மட்டுமே ஓடுகின்றன. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் பார்ப்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அது துடுப்பு வலிப்பதற்கு உகந்த நீர் அன்று. படுகை முழுதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெள்ளம் அந்த முள்மரங்களுக்கு ஊடே புகுந்து போய்விடும், ஆனால் அதில் அடித்து வரப்படும் மனிதனால் போக முடியாது, நீரோட்டம் அவனைக் கிளைகளோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தடுப்பணைகள் அதைவிடக் கொடியவை. இடுப்பளவு உயரமே இருந்தாலும், மேலிருந்து விழும் நீர் அடியில் புரண்டு மீண்டும் அணைச் சுவரை நோக்கியே திரும்புகிறது. இந்தப் புரளல் கரையிலிருந்து கரைவரை ஒரே சீராக இருப்பதால், சிக்கியவர் பக்கவாட்டில் நழுவி வெளியேறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் தடுப்பணையில் குளிக்க இறங்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

சாலிப்புழா வேறு வகையானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி, இருவஞ்சிப்புழாவோடு கலந்து, பின்னர் சாலியாற்றைச் சேரும் இந்தச் சிற்றாறு, பெரும் பாறைகளுக்கு இடையே படிப்படியாக விழுந்து ஓடுகிறது. 2013 முதல் மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் அப்பகுதியில் கயாக் போட்டிகள் நடந்து வருவதால், ஒவ்வொரு பாறையையும் அறிந்த பயிற்சியாளர்களும் வாடகைப் படகுகளும் அங்கே கிடைக்கின்றன என்பது எங்களுக்குப் பெரிய காரணமாக இருந்தது. ஆற்றோட்டத்தின் கடினத்தை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரையான நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் நிலைக்கு மேல் போவதில்லை என்று நாங்கள் முன்னரே வரையறுத்துக்கொண்டோம். ஆனால் அந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டிய முத்திரை அன்று. மலைச்சரிவு செங்குத்தாக இருப்பதால் மேலே பெய்யும் மழை சில மணி நேரத்திலேயே கீழே வந்துவிடுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. காலையில் மூன்றாம் நிலையாக இருந்த அதே இடம் மாலையில் நான்காகிவிடலாம்.

பயிற்சியின் பெரும்பகுதியை வேலூரிலேயே முடித்தோம். நாங்கள் நால்வரும் விவசாயக் கிணறுகளில் நீந்தக் கற்றவர்கள். ஆனால் கிணற்று நீச்சலில் இல்லாத ஒன்று ஆற்றில் இருக்கிறது, அது இழுப்பு. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது, ஏனென்றால் பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீர் உடலைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் உயர்த்தி வைத்துக்கொண்டு, கைகளால் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். கவிழ்ந்த கயாக்கிலிருந்து, இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை உருவிவிட்டு வெளியேறுவதை ஒரு நீச்சல் குளத்தில், கண்ணை மூடிக்கொண்டும் செய்ய முடிகிற அளவுக்குப் பழகினோம். பைக்குள் சுருட்டிய மீட்புக் கயிற்றை எறியும் பயிற்சிக்கு வறண்ட பாலாற்று மணலைவிட நல்ல இடம் இல்லை: ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவரைப் போல ஓட, மற்றவர் பதினைந்து மீட்டர் தொலைவிலிருந்து கயிறு அவருடைய தோளுக்குக் குறுக்கே விழும்படி எறிய வேண்டும். முந்தைய ஆண்டு மழையில் காட்பாடிப் பாலத்தின் மேல் நின்று, தூண்களுக்குப் பின்னால் நீர் எப்படி எதிர்த்திசையில் சுழன்று அமைதிப்படுகிறது என்று கவனித்திருந்ததும் பயன்பட்டது. துடுப்பாளர்கள் எடி என்று அழைக்கும் அந்த அமைதியான நீர்தான் ஆற்றில் மூச்சு வாங்கக் கிடைக்கும் ஒரே திண்ணை.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் அதிக நேரம் பேசியது, எப்போது இறங்கக் கூடாது என்பதைப் பற்றி. விடுப்பு எடுத்து, பயணச்சீட்டு வாங்கி, ஒரு இரவு முழுவதும் பயணம் செய்து ஆற்றங்கரையில் போய் நின்ற பிறகு, "வேண்டாம்" என்று சொல்வதற்கு யாருக்கும் மனம் வராது. ஆகவே அந்தச் சொல்லுக்கான நிபந்தனைகளை வேலூரிலேயே எழுதி, நால்வரும் கையொப்பமிட்டோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை கோழிக்கோட்டுக்கோ வயநாட்டுக்கோ ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் இறங்குவதில்லை; ஆரஞ்சு என்பது 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்ற எதிர்பார்ப்பைக் குறிக்கிறது. வயநாட்டையும் சேர்த்தது, மழை விழும் மேட்டைப் பார்க்காமல் ஆற்றை மட்டும் பார்ப்பதில் பொருளில்லை என்பதால்தான். 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலச்சரிவு நிகழ்ந்ததும் அந்த மலைகளில்தான். நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ உடனே கரையேற வேண்டும். எவர் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் அவரிடம் காரணம் கேட்கக் கூடாது. கடைசி விதியை எங்களில் ஒருவர் எதிர்த்தார். பயமும் எச்சரிக்கையும் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாக மதிக்க முடியாது என்பது அவருடைய வாதம். வாதம் சரியானதே. ஆனால் பயந்த கை துடுப்பைச் சரியாகப் பிடிக்காது என்பதால், ஆற்றில் இரண்டின் விளைவும் ஒன்றுதான் என்று நான் கருதினேன், இப்போதும் அப்படியே கருதுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காட்பாடியில் இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் காலையில் கோழிக்கோடு. அங்கிருந்து தாமரசேரி வழியாகக் கோடஞ்சேரி. படகும் துடுப்பும் அங்கே வாடகைக்கு. ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் மட்டும் அவரவர் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் எங்களுடையவற்றையே எடுத்துச் சென்றோம்.

போய்ச் சேர்ந்த அன்று வயநாட்டுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தது. எழுதிய தாள் பையில் இருந்ததால் விவாதம் எழவில்லை; அன்று முழுவதும் நாங்கள் சேட்டன் என்றே அழைத்த பயிற்சியாளரோடு கரையோரமாக நடந்தோம். நீர் விழும் ஒவ்வொரு படியிலும் அது எங்கே போகிறது, எந்தப் பாறை அடியில் குடைந்திருக்கிறது, கயிற்றோடு நிற்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் காட்டினார். ஓரிடத்தில் வேரோடு சாய்ந்த மரம் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடந்தது. அந்த இடத்தைப் படகைத் தோளில் சுமந்து தரைவழியாகக் கடப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் எச்சரிக்கை மஞ்சளுக்கு இறங்கியது. முந்தைய நாள் அடையாளம் வைத்த பாறையில் நீரும் ஒரு முழத்துக்கு மேல் வடிந்திருந்தது. மூன்றாம் நிலைதான் என்று சேட்டன் உறுதி சொன்ன பிறகே இறங்கினோம். நீர் விழும் ஒவ்வொரு படியிலும் ஒருவர் கீழே கயிற்றோடு நின்று துடுப்பைச் செங்குத்தாக உயர்த்திய பின்னரே அடுத்தவர் புறப்பட்டார். கிடைமட்டமாகப் பிடித்தால் நிற்க வேண்டும், மூன்று விசில் என்றால் ஆபத்து. நண்பர் ஒருவர் கவிழ்ந்து படகை விட்டு வெளியேறினார். பாலாற்று மணலில் பழகிய எறிதல் முதல் முறையிலேயே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊர் திரும்பிய பிறகும் திட்டத்தில் ஒரு பகுதி மீதம் இருந்தது. மழைக்கால நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, அவர் சொன்னபடி டாக்சிசைக்ளின் எடுத்துக்கொண்டோம். நோய் வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களும், சில நேரங்களில் ஒரு மாதம் வரையும் ஆகலாம். அதற்குள் யாருக்குக் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தாலும், ஆற்று நீரில் இருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவரவர் வீட்டாரிடமும் சொல்லி வைத்தோம்.