டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதற்குள்தான் உயிர் போகிறது

என் மகன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். மூன்றாம் ஆண்டு முடிவில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025 டிராஃப்ட்டுக்கு, அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுத்தான். கெடு முடிவதற்குள் விலகி, நான்காம் ஆண்டுக்குக் கல்லூரிக்கே திரும்பினான். இந்த நிலையில் இருக்கும் நம் குடும்பங்கள் மிகக் குறைவு. இருக்கிற சிலராவது எங்களைப் போல அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெயர் கொடுப்பதில் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 26-க்குள் என்பிஏவுக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். கூடவே என்பிஏவின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடும் கேட்க வேண்டும். கல்லூரிக்குத் திரும்பும் உரிமை வேண்டுமென்றால் இதை விட்டுவிடக் கூடாது.

தேதிகள்தான் பாடாய்ப் படுத்தின. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிற வீரர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவுப் பட்டியலில் பெயர் போட அந்த ஆண்டு கடைசி நாள் ஏப்ரல் 22. அதாவது என்பிஏ அணி ஒன்றுகூட அவன் ஆட்டத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, இந்தக் கல்லூரியில் இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. பயிற்சியாளரிடம், "இவன் திரும்பி வந்தா இடம் இருக்கும்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டோம். வாய் வார்த்தையாக ஆயிரம் சொன்னார், எழுத்தில் ஒன்றும் வரவில்லை. அவன் போர்ட்டலில் பெயர் போடாமலே இருந்தான். அந்த ஒரு மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அப்புறம் ஏஜென்ட். 2018-க்கு முன்பு ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் போட்டாலே கல்லூரி ஆட்டம் முடிந்தது. இப்போது, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் சான்று பெற்றவர் என்றால் வைத்துக்கொள்ளலாம், அணிகளைப் பார்க்கப் போகிற பயணச் செலவையும் அவர் தரலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கல்லூரிக்குத் திரும்பினால் முறிக்கவும் வேண்டும். எங்களுக்கு வந்தவர் இனிக்க இனிக்கப் பேசினார். "ஜூன் 15 வரை டைம் இருக்கும்மா, ஏன் அவசரம்?" என்றார். ஜூன் 15 அந்த ஆண்டு என்பிஏவின் விலகல் கெடு. கல்லூரியில் மறுபடி ஆட வேண்டுமென்றால் என்சிஏஏ வைத்திருக்கும் கெடுதான் கணக்கு, அந்த ஆண்டு அது மே 28. அவர் பேச்சைக் கேட்டு ஜூன் வரை காத்திருந்தால் பிள்ளையின் கடைசி ஆண்டு போயிருக்கும். சான்று பெற்ற ஆள் இதைத் தெரியாமல் சொன்னார் என்று என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

அணிகள் வீரர்களை நேரில் அழைத்து ஆடவிட்டுப் பார்க்கும் ஒர்க்அவுட்டுகளில் இரண்டு நன்றாகவே நடந்தன. இன்னொரு அணி அழைத்து, விமானம் ஏறி, ஹோட்டலில் பையை வைத்த பிறகு 'ரத்து' என்று ஒரு வரி குறுஞ்செய்தி. மூன்றுக்கு மூன்று ஆட ஆள் சேரவில்லையாம். செமஸ்டர் தேர்வு வாரத்தில் போனவன் அவன். ஒரு பேராசிரியை மட்டும் மனது வைத்து வேறு நாளில் தேர்வு எழுத விட்டார், அவருக்கு என்றும் நன்றி.

ஆலோசனைக் குழுவின் மதிப்பீடு வந்தது: டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்று, அல்லது தேர்வாகாமல் போகலாம். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். முதல் சுற்றில் எடுத்தால் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்த ஆண்டு மொத்தமே 59 இடங்கள், அதில் வெளிநாட்டு வீரர்களும் நான்காம் ஆண்டு முடித்தவர்களும் போட்டி. தேர்வாகாவிட்டால், என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் (என்பிஏவின் கீழ்நிலை லீக்) அணிக்கும் மாறி மாறி ஆடும், அணிக்கு மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளும் டூ-வே ஒப்பந்தம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் இல்லையென்றால் ஜி லீக் மட்டும்தான், பருவத்துக்கு 40 ஆயிரத்துச் சொச்சம் டாலர்.

ஊரிலிருந்து என் அண்ணன் போனில், "நம்ம இந்தியப் பையன் சிம் புல்லர் ஆடலையா?" என்றார். கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் அவர், என்பிஏவில் ஆடினார்தான். ஆனால் 2014-ல் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு வந்தவரை டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு சாக்ரமெண்டோ அணிக்காக மூன்றே ஆட்டங்கள் ஆடினார். மகன் சொன்ன உதாரணம் ஸாக் எடி. 2023-ல் கெடுவின் கடைசி நாளில் விலகி பர்ட்யூ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டு டிராஃப்ட்டில் ஒன்பதாவது ஆளாக மெம்ஃபிஸ் அணி எடுத்தது. ஏஜென்ட் உடனே ஆஸ்கர் ஷிப்வேயை இழுத்தார். 2022-ன் சிறந்த கல்லூரி வீரர் அவர், திரும்பிப் போய் ஆடிவிட்டு வந்தார், 2023-ல் யாரும் எடுக்கவில்லை. இரண்டுமே உண்மைதான். அதனால்தான் அடுத்தவர் கதையை வைத்து முடிவெடுக்காதே, உன் மதிப்பீட்டுத் தாளை வைத்து முடிவெடு என்று மகனிடம் சொன்னேன். விலகுவதாக முடிவு செய்தான்.

முடிவெடுத்த பிறகுதான் பெரிய கூத்து. மே 26 மெமோரியல் டே விடுமுறை, அந்த நீண்ட வார இறுதியில் கல்லூரி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் இருந்தவர், "என்பிஏவுக்கு எழுதிட்டீங்கல்ல, போதும்" என்றார். போதாது! திரும்பி ஆடுவதாகக் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் எழுத்தில் தர வேண்டும். மகன் விதியைப் படித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். புதன்கிழமை மாலை அதே ஆள் கூப்பிட்டு, ஏஜென்ட் ஒப்பந்தம் முறிந்ததற்கான கடிதம் எங்கே என்று கேட்டார். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. "நள்ளிரவு வரைக்கும் நேரம் இருக்கே" என்று ஆறுதல் வேறு. கெடு கிழக்கு நேரப்படி இரவு 11:59, எங்கள் ஊரில் அது 10:59. மகனே முறிவுக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, ஏஜென்ட்டுக்கும் இயக்குநருக்கும் கம்ப்ளையன்ஸுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினான். பத்து மணிக்கு இயக்குநரே "கிடைத்தது" என்று பதில் போட்டார். நான் அழுதுவிட்டேன்.

இன்னொன்று. ஆடுவதற்காகக் கல்லூரி அவனுக்குத் தருவதாகச் சொன்ன பணம், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்யும் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தால்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நீதிபதி ஒப்புதல் தந்தது ஜூன் 6, கெடு முடிந்த பிறகு. ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 2025-26-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தரலாம் என்று ஆனது. பணம் வந்தது. ஒப்புதல் வராமல் போயிருந்தால் என்ன என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள், வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். மேலும், பெயர் கொடுத்து விலகுவது இரண்டு முறைதான் முடியும், முதலாம் ஆண்டிலேயே ஆசைக்காக ஒன்றைச் செலவழிக்க வேண்டாம்.