பறவைகள் கூவாத காடு

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் 'எனக்குப் பிடித்த பத்து' என்று ஒரு பட்டியல் கேட்டார் ஆசிரியர். இரண்டே இரவில் எழுதிக் கொடுத்தேன். விமர்சனம் என்றால் வாரக்கணக்கில் விளையாட வேண்டும், பட்டியலுக்கு நினைவு போதும் என்று நம்பியிருந்தேன். இதழ் வெளியான சில நாட்களில் கடிதங்கள் வரத் தொடங்கின.

பெரும்பாலானவற்றில் நான் எதிர்பார்த்த கேள்விதான். அது ஏன் இல்லை? இது எப்படி நான்காவது? 'டெட்ரிஸ்' விட்டுப்போனதற்கு மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்தது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம். நான்கு நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள், மேலிருந்து விழும், அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறைகளை உட்கார வைத்த ஆட்டத்துக்குப் பத்தில் ஓர் இடம் இல்லையா என்ற கோபம் நியாயமானது. அடுத்த முறை சேர்த்துக்கொண்டேன்.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பற்றி நான் எழுதியதை ஒருவர் திருத்தியிருந்தார். அதில் நாம் சுட்டு வீழ்த்தும் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகம் பிடிக்கும். அதை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்த பரபரப்பு என்று எழுதிவிட்டேன். 1978-இல் அந்த இயந்திரத்தில் இருந்த சில்லுக்கு 55 எதிரிகளையும் நகர்த்துவதே பெரிய பாரம், எண்ணிக்கை குறைந்ததும் தானாகவே வேகம் கூடிற்று, ஆட்டத்தை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார் என்று அந்த வாசகர் விளக்கியிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆட்டம் எனக்கு இன்னும் நெருக்கமானது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். தற்செயலாகக் கிடைத்த நல்லதைக் கண்டுகொண்டு விட்டுவைக்கவும் ஒரு கண் வேண்டுமே.

என்னை உட்கார வைத்த கடிதம் வேறு. ஒன்றரைப் பக்கம், நிதானமான கையெழுத்து. ஜோனதன் ப்ளோ உருவாக்கிய 'தி விட்னஸ்' (2016) என் பட்டியலில் மூன்றாவது. ஒரு தீவு, அதில் நூற்றுக்கணக்கான புதிர்ப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுக்க வேண்டும். விதியை யாரும் வாயால் சொல்வதில்லை. "கூர்ந்து கவனிப்பவர் எவருக்கும் இந்தத் தீவு திறந்துகொள்ளும்" என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, அடியில் கோடிட்டு, அவர் கேட்டிருந்தார்: "எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காட்டுப் பகுதியில் நான் எதைக் கூர்ந்து கவனிப்பது?"

அந்தக் காட்டில் பறவைகள் கூவும். கூவலின் சுரம் ஏறுவதும் இறங்குவதும்தான் கோடு போக வேண்டிய வழியைச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். தீவின் 11 பகுதிகளில் 7 முடித்தாலே கடைசிக் கட்டமான மலைக்குள் போய்விடலாம், ஆட்டத்தை முடிக்கவும் செய்யலாம். அதை அவரே குறிப்பிட்டிருந்தார். "ஒரு பகுதியை நானாக விட்டுவிட்டுப் போவது வேறு, வாசலிலேயே நிறுத்தப்படுவது வேறு. விமர்சகர் முன்பே சொல்லியிருந்தால் நான்கு மணி நேரம் என் அறிவைச் சந்தேகித்திருக்க மாட்டேன்."

அன்று இரவு ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு அந்தக் காட்டுக்குப் போனேன். இலைகள் அசைந்தன, வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பலகையில் கோடு கிளை பிரியும் இடத்தில் நின்றேன். மேலா, கீழா? சொல்ல எதுவும் இல்லை. விடை தெரிந்த எனக்கே கை நகரவில்லை. இத்தனை நாளும் என் காதால், என் கண்ணால், என் விரல்களால் விளையாடிவிட்டு, அதை எல்லோருக்குமான தீர்ப்பாக எழுதி வந்திருக்கிறேன் என்பது அந்த மௌனத்தில் உறைத்தது.

அப்புறம் மற்ற கடிதங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் வாசிப்பில் சட்டென்று கடந்துபோன ஒன்றில், ஒருவர் 'செலஸ்ட்' (2018) பற்றிக் கேட்டிருந்தார். மலையேறும் பெண்ணின் கதை, தவறினால் உடனே மரணம், உடனே மறுமுயற்சி. அதில் உதவி வசதி ஒன்று உண்டு. வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம். நடுங்கும் கைகளோடு 70 சதவீத வேகத்தில் உச்சி தொட்டதாக எழுதிவிட்டு, "இதை முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தார். நானோ அந்த ஆட்டத்தின் கடினத்தை மட்டுமே புகழ்ந்திருந்தேன். அவருக்கு உடனே பதில் போட்டேன். முடித்துவிட்டீர்கள், அந்த மலை உங்களுடையது.

இப்போது எந்த ஆட்டத்துக்கு எழுதினாலும் ஒரு மணி நேரம் ஒலியில்லாமல் விளையாடுகிறேன், திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு மணி நேரம். 'தி விட்னஸ்' இன்னும் என் பட்டியலில் அதே மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரி கூடியிருக்கிறது: 'காட்டுப் பகுதிக்குக் காது கேட்க வேண்டும். சில புதிர்களுக்கு நிறம் பிரித்தறியும் கண் வேண்டும்.'