கோப்பை, தபால், மறுபடி கோப்பைக்காரர்கள் வீடு

யூரோ 1988, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துப் போட்டி என்றால், எல்லோரும் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அடித்த அந்த வாலியைத்தான் (பந்து தரையைத் தொடுமுன் அடித்த கோல்) பேசுவார்கள். சரி, பேசட்டும். நான் அன்று அதே அணியின் வலது பின்களத்தில், தடுப்பாட்டக்காரராக நின்ற பெர்ரி வான் ஆர்லேயைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹெல்மண்ட் ஊர்க்காரர். ஐன்ட்ஹோவன் நகரத்து கிளப்பான பிஎஸ்வி அணியில்தான் பெரும்பாலான காலம். 1988 மே 25, ஷ்டுட்கார்ட்டில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புடன் ஐரோப்பியக் கோப்பை (கிளப் அணிகளுக்கானது) இறுதி ஆட்டம். கோலே இல்லை, பெனால்ட்டியில் பிஎஸ்விக்கு 6-5 வெற்றி. வேடிக்கை என்னவென்றால், காலிறுதி தொடங்கி ஐந்து ஆட்டங்களிலும் டிரா செய்தே பிஎஸ்வி கோப்பையைத் தூக்கியது! அன்று வலது பின்களத்தில் கேப்டன் கெரெட்ஸ் இருந்ததால் இவர் நடுக்களத்தில் ஆடினார். சரியாக ஒரு மாதம் கழித்து மியூனிக்கில் சோவியத் யூனியனை 2-0 என்று வென்று நெதர்லாந்துக்கு யூரோ கோப்பை. அதிலும் இவர் உண்டு.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? 1995 வாக்கில் ஓய்வு பெற்றுவிட்டு, தபால்காரர் வேலைக்குப் போனார். ஆமாம், வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிற வேலை. ஒரே கோடையில் ஐரோப்பாவின் இரண்டு பெரிய கோப்பைகளையும் வென்ற மனிதர்! அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு இன்றைய சம்பளம் கிடையாதே.

பிறகு பிஎஸ்வியே திரும்ப அழைத்துக்கொண்டது, ஸ்கவுட்டாக. ஊர் ஊராகப் போய், அணிக்குத் தோதான ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கிற வேலை. தபால்காரருக்கு அலைச்சல் புதிதா என்ன?