பாலாற்றுக்கு என்ன நிறம்?

முதலில் பட்டதாரி ஆசிரியராக ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியல், பதவி உயர்வுக்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் புவியியல் என்று வேலூரிலேயே என் காலம் ஓடிவிட்டது. மலை, காற்று, மண் பாடங்களைவிட மனிதப் புவியியல்தான் எனக்கு நெருக்கம். அதை எப்படி நடத்த வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு ஆறாம் வகுப்புப் பையன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்துவரச் சொல்லியிருந்தேன். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறவன் அவன். பாலத்தை அழகாகப் போட்டு, பாலாற்றுக்குப் பழுப்பு நிறம் தீட்டியிருந்தான். "ஆறுன்னா நீலம்தான் அடிக்கணும்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் பழுப்பின் மேலேயே நீலத்தைத் தேய்த்தான்; தாள் கிழிந்துவிட்டது. சாயங்காலம் நோட்டுகளை அடுக்கும்போதுதான் உறைத்தது. அவன் பிறந்ததிலிருந்து அங்கே பார்த்ததெல்லாம் மணலும் முள்செடியும் ஒற்றையடிப் பாதையும்தானே? மறுநாள் அவனைக் கூப்பிட்டு, குறியீட்டுப் பெட்டியில் 'மணல்' என்று தனியாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது அதே பையன் வராண்டாவில் என்னை நிறுத்தினான். "மிஸ், இப்பவும் நீலமா இல்ல. செம்மண் கலர்லதான் போகுது."

எட்டாம் வகுப்பில் இடம்பெயர்தல் பாடம். பிழைப்புக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகிறார்கள் என்று தொடங்குவதுதான் வழக்கம். வேலூரில் அது பாதிதான். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை இன்று சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளை எண்ணிவரச் சொன்னேன். லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் ஒருவருடைய மகள் எழுந்து, "எக், துய், தின், சார்" என்று எண்ணிக் காட்டினாள். நான்கு என்பதற்கு வங்காளத்தில் சார் என்பார்களாம். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அவங்க அறையிலேயே அடுப்பு வைத்து மீன் குழம்பு வைப்பாங்க, அம்மாதான் பாத்திரம் எடுத்துக் கொடுப்பாங்க என்றாள். ஊரைவிட்டுத் தள்ளும் உந்துகாரணி, வேறு ஊருக்கு இழுக்கும் ஈர்ப்புக் காரணி என்று நான் கரும்பலகையில் எழுதியதைவிட அந்தப் பாத்திரம் நன்றாக விளக்கியது.

ஒன்பது, பத்தில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. தேர்வு, வரைபட மதிப்பெண் என்று ஓட்டம். ஆனாலும் 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஒருத்தி கேட்டதை மறக்க முடியாது: "எங்க ஆயா வீடு இப்ப திருப்பத்தூர் மாவட்டம். லீவுக்குப் போனா அது இடப்பெயர்வா மிஸ்?"

பிளஸ் டூவில்தான் பாடம் கனக்கிறது. தொழில்கள் பற்றிய பாடம் வரும்போது ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளைப் பேசாமல் தாண்ட முடியாது. பாலாற்றில் கலந்த கழிவுநீர், வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, எல்லாவற்றையும் சொல்வேன். சொல்லிவிட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பேன். சில முகங்கள் குனிந்துவிடும்.

போன வருடம் அப்படிக் குனிந்த ஒரு பெண், மாதத் தேர்வு நடுவில் எழுந்து என் மேசைக்கு வந்தாள். "எங்கம்மா ஷூ கம்பெனிக்குப் போறதாலதான் நான் படிக்கிறேன் மிஸ். ஆனா எங்க போர் தண்ணிய வாயில வைக்க முடியாது. எதை எழுதட்டும்?"

"ரெண்டையும் எழுதும்மா" என்றேன்.

அப்புறம் கூடுதல் தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.