சிரித்த முகத்தின் உழைப்பு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகளில், பெங்களூரா ரகப் பழம் லாரி லாரியாக வந்திறங்கும் பருவத்தில், யாரும் யாரையும் நின்று நலம் விசாரிப்பதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக இருந்த காலத்தில், முப்பது வயதைக் கடந்த பின்னரே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஆட்டிசம் எனும் நரம்பு வளர்ச்சி வேறுபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஒருவருடன் பணியாற்றினேன்.

அவர் குறித்துவைக்கும் பிரிக்ஸ் (கூழின் இனிப்பைக் காட்டும் அளவு), அமிலத்தன்மை அளவுகளில் பிழை இருந்ததில்லை. யார் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வார். தேநீர் வேளையில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். இவையெல்லாம் பிறரைப் பார்த்துப் பழகிக்கொண்டவை என்றும், வீட்டுக்குப் போனதும் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிடுவதாகவும் பின்னாளில் அவரே சொன்னார். இவ்வாறு இயல்பை மறைத்து நடப்பதை அளப்பதற்கென்றே 25 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்று உண்டு. மிகுதியாக மறைப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலாளர்கள் பாராட்டும் ‘தொந்தரவு இல்லாத ஆள்’ பெரும்பாலும் இப்படி மறைத்து நடப்பவர்தான்.

தன் மனநிலை இன்னதென்று தனக்கே பிடிபடாமல் போவதை அலெக்சிதிமியா என்பர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இது காணப்படுவதாக 2019இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. அவர்களுக்கு உணர்ச்சியே கிடையாது என்று பேசுவது அறியாமை. உணர்ச்சி இருக்கிறது, சிலருக்கு அது வயிற்றுவலியாகவோ தோள்வலியாகவோ முதலில் தெரியவரலாம். ஆகவே “எப்படி இருக்கீங்க, தம்பி?” என்ற கேள்விக்கு அவர் சொன்ன “நல்லா இருக்கேன், சார்” பொய்யன்று. “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குனீங்க? சாப்பாடு இறங்குதா?” என்று கேட்டபோதுதான், தூக்கம் பிடித்தே பல நாளாயிற்று என்பது வெளிவந்தது.

டின் மூடும் இயந்திரத்தின் இரைச்சலிலிருந்து அவர் மேசையைத் தள்ளிப்போட்டோம். வாய்மொழி உத்தரவுகளை நோட்டில் எழுதித் தந்தோம். செலவு ஒன்றுமில்லை, ஆனாலும் “மத்தவங்களும் கேப்பாங்களே” என்ற முணுமுணுப்பு நிர்வாகத்தில் எழாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். ஆனால் மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் வாங்கினால் பெண் பார்க்கும் இடத்தில் பேச்சு வரும் என்று அவருடைய அம்மா அஞ்சியதால் அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்த அச்சத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சான்றிதழ் இருந்தால்தான் மேசையை நகர்த்துவோம் என்று சொல்லும் ஆலைகளைத்தான் குறைசொல்ல வேண்டும்.