வைவாவில் அமினோகிளைக்கோசைடு கேட்டால்

இரண்டாம் ஆண்டு மருந்தியல் தேர்வுக்கு அமினோகிளைக்கோசைடுகள் என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தைப் பட்டியலாக உருப்போட வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் என்ற பெயர்கள் வார்டிலேயே பழகிவிடும். மருந்து பாக்டீரியாவுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் என்ன செய்கிறது என்பது பிடிபட்டால் போதும். சேலத்தில் என் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வந்த கேள்விகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன.

"டெட்ராசைக்ளினும் 30எஸ்ஸில்தான் ஒட்டுகிறது, வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி. ஜென்டாமைசின் மட்டும் ஏன் கொல்கிறது?" என்றுதான் ஆரம்பித்தார் தேர்வாளர். 30எஸ் என்பது பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் சிறிய பகுதி. டெட்ராசைக்ளின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக், அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் டிஆர்என்ஏவை ரைபோசோமில் அமரவிடாமல் தடுக்கிறது. புரத உற்பத்தி நின்றுபோகிறது. ஜென்டாமைசின் அதே 30எஸ்ஸில் உள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு, பொருந்தாத டிஆர்என்ஏவையும் ஏற்க வைக்கிறது. உற்பத்தி நடக்கிறது, தப்பும் தவறுமாக. அந்தக் கோணல் புரதங்கள் செல் சவ்வில் போய்ச் செருகிக்கொள்ள, சவ்வு ஒழுகத் தொடங்குகிறது. அதன் வழியே மேலும் மருந்து பாய்கிறது, பிழைகள் இன்னும் பெருகுகின்றன. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது. 'புரத உற்பத்தியைத் தடுக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் கைடுகளை நான் மன்னிப்பதில்லை.

நுழைவில்தான் மற்ற 'ஏன்'கள் இருக்கின்றன. உள்சவ்வைக் கடக்க ஆக்சிஜன் சார்ந்த எலக்ட்ரான் கடத்தல் வேண்டும். எனவே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களிடம் இந்த மருந்து பலிக்காது, சீழ்க்கட்டிக்குள்ளும் திணறும். மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது, குடலில் உறிஞ்சப்படாது. அதனால்தான் வார்டில் 80 மில்லிகிராம் ஜென்டாமைசினை ஊசியாகப் பார்க்கிறோம். என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பென்சிலினோடு சேர்ப்பது ஏன் என்றும் கேட்பார்கள்: பென்சிலின் செல் சுவரைச் சிதைத்து வழிவிடுகிறது.

நானும் அறைத்தோழியும் ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கேள்வி என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். 20 வளைவுகள் போதாமல் இறங்கும்போதும் தொடர்ந்தோம். தலைசுற்றல் வருபவர்கள் மாடியிலேயே நடந்தபடி கேட்டுக்கொள்ளலாம்.

நாளுக்கு ஒரே டோஸ் ஏன் என்றால், செறிவு ஏற ஏறக் கொல்லும் வேகம் கூடுகிறது, இரத்தத்தில் மருந்து குறைந்த பிறகும் விளைவு நீடிக்கிறது என்று சொல்லுங்கள். சிறுநீரகம், உள்காது இரண்டையும் இந்த மருந்து பாதிக்கலாம் என்பதை அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் கண்டுபிடித்த வரலாற்றுக்கு ஒரு வரி போதும், அங்கே மதிப்பெண் கிடையாது.